கூட்டம் வந்ததும் காலர் மைக் அறுந்து அறுந்து கேட்கிறது, வழி சொல்லுங்கள்

கும்பகோணத்தில் எங்கள் அமெச்சூர் குழுவின் புது நாடகம் அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மேடையேறுகிறது. நடிப்பவர்கள் எல்லோரும் பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஒத்திகைக்கு வருபவர்கள். சிக்கல் காலர் மைக்கில்.

ஆறு வயர்லெஸ் மைக், எல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, சிக்னலை வாங்கும் ரிசீவர் அரங்கின் கடைசியில் ஒலி மிக்சர் பக்கத்தில். காலி அரங்கில் ஒரு குறையும் இல்லை. போன ஞாயிறு சொந்தக்காரர்கள், நண்பர்களை உட்கார வைத்து முழு நாடகத்தையும் ஓட்டிப் பார்த்தோம், அரங்கு நிறைந்ததிலிருந்து குரல் விட்டுவிட்டுத்தான் வந்தது. அம்மா மகனைத் தடுக்கிற இடத்தில் "நீ போனா..." வரைக்கும் கேட்டது, மீதி பின்வரிசைக்குப் போகவே இல்லை. நாடகத்தின் உயிரே அந்த வரிதான்.

பேட்டரி மாற்றியாயிற்று, அரங்கின் வைஃபையை அணைத்தாயிற்று, சிக்னலை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை இடுப்பின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாயிற்று. பழைய சபா பாணியில் மேலே மைக் தொங்கவிட்டால் மின்விசிறி இரைச்சல்தான் முன்னால் வருகிறது, அப்புறம் எங்கள் காட்சிகளில் பாதி தரையில் உட்கார்ந்து பேசுபவை. இதைவிடத் தாழ்ந்த அலைவரிசையில் ஓடும் யுஎச்எஃப் மைக் செட்டின் வாடகை கட்டுப்படியாகாது, இலவச நாடகம்.

மனித உடம்பு இந்த அலையை உறிஞ்சும், எல்லோர் போனின் புளூடூத்தும் இதே அலைவரிசைதான், வைஃபையும் இதில் ஓடும் என்று படித்தேன். அப்படியானால் ரிசீவரை மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் வைத்து, அங்கிருந்து மிக்சருக்குக் கேபிள் இழுத்தால் நிறைந்த அரங்கில் இந்த மைக்குகள் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.