பிரைம் லென்ஸுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மண்டபத்திலிருந்து:
மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம். ஞாயிறன்று பிள்ளைகளுக்குப் படமெடுக்கும் வகுப்பு. முதன்முதலாக கேமரா வாங்குகிறவருக்கு எந்த லென்ஸ் என்று நான்கு பக்கக் கையேடு எழுதியிருக்கிறேன்; வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கேமராவோடு வரும் 18-55 மி.மீ. சூம் இப்போதைக்குப் போதும், அப்புறம் பணம் சேர்ந்தால் 50 மி.மீ. பிரைம், அதாவது சூம் செய்ய முடியாத லென்ஸ், என்பது என் யோசனை. பிரைமை 'முதன்மை வில்லை' என்று எழுதினேன். ஒரு பையன், "அப்ப இதைத்தானே மொதல்ல வாங்கணும், டீச்சர்?" என்கிறான். நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

கீழக்கரையிலிருந்து:
டீச்சர், மாறுவது எது என்று பாருங்கள். சூமில் குவியத் தொலைவு (தூரத்து ஒளி வந்து குவியும் புள்ளிக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள தொலைவு; 18, 50 என்பதெல்லாம் அதுதான்) மாறும், பிரைமில் மாறாது. எனவே மாறுகுவிய வில்லை, மாறாக்குவிய வில்லை. முன்னது வினைத்தொகை, ஒற்று மிகாது. பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், மிகும். 'மாறா வில்லை' என்று சுருக்கிவிடாதீர்கள். அவசரத்தில் 'மாறவில்லை' என்று படிப்பார்கள்.

வில்லை பற்றியும் சொல்ல வேண்டும். வில்போல் வளைந்ததால் வில்லை என்பது என் துணிபு. சந்தன வில்லை, மருந்து வில்லை, சேவகர் மார்பில் தொங்கிய பித்தளை வில்லை, எல்லாம் வட்டம். லத்தீனிலும் லென்ஸ் என்பது பருப்பின் பெயர். இருபுறமும் புடைத்த மைசூர்ப் பருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பாடநூல்களில் வில்லை என்றே படிக்கிறார்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கரை நம்முடையது, நமக்கு அது அயல்சொல் அல்ல.

இராமநாதபுரத்திலிருந்து:
ஐயா, நான் கல்யாணப் படம் எடுக்கிறவன், இலக்கணம் அவ்வளவாக வராது. ஆனால் குவியம் என்றால் எங்களுக்கு ஃபோகஸ். 'மாறாக்குவியம்' என்றால் ஃபோகஸே மாற்ற முடியாத லென்ஸ் என்றாகும். அப்படியும் உண்டு, பழைய பெட்டிக் கேமராவில் இருந்தது. பிரைமில் கிட்டத்து முகத்துக்கும் தூரத்து வள்ளத்துக்கும் வளையத்தைத் திருகி ஃபோகஸ் வைக்கலாமே. தொழிலில் நாங்கள் 'ஃபிஃப்டி' என்போம், 'பிரைம்' என்போம். கடைக்காரருக்கும் அதுதான் புரியும்.

டீச்சர் சூமை முதலில் வைத்தது சரி. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று 2025இல் திறந்த புது ரயில் பாலத்தை எடுக்கும்போது, 50இல் அடங்கவில்லை என்றால் பின்னால் போக இடம் ஏது? தனுஷ்கோடி மணற்காற்றில் லென்ஸைக் கழற்றி மாட்டினால், உள்ளே படம் பதியும் சென்சாரில் மணல். அங்கே மாட்டியதைக் கழற்றாமலே எடுப்பதுதான் நல்லது.

தொண்டியிலிருந்து:
பிள்ளை கண்ணால் பார்ப்பது கோணத்தை. சூம் வளையத்தைத் திருகினால் கோணம் விரியும், குறுகும். பிரைமில் ஒரே கோணம். 'ஒருகோண வில்லை' என்றால் என்ன? எங்கள் ஊரில் வலைக்குக் கண்ணி அளவு பார்த்து வாங்குவோம். ஒரு வலைக்கு ஒரே கண்ணி, மீனுக்குத் தக்கபடி வலையை மாற்றுவோம். பிரைமும் அப்படித்தான் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், அக்கா.

கீழக்கரையிலிருந்து:
வலை உவமை அருமை, சொல் பிழை. அதே 50ஐச் சிறிய சென்சார் கேமராவில் பூட்டினால் கோணம் சுருங்கி, ஏறக்குறைய பெரிய சென்சாரில் 75 மி.மீ. லென்ஸ் போலத் தெரியும். கோணம் லென்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை, கேமராவுக்கும் பங்குண்டு. லென்ஸுக்கே உரியது குவியத் தொலைவு. ஃபோகஸ் குழப்பம் உண்டென்று ஒப்புகிறேன். 'மாறாத்தொலைவு வில்லை' என்று திருத்துகிறேன்.

இராமநாதபுரத்திலிருந்து:
தொலைவு என்றால் தூரத்துப் பூநாரையை எடுக்கும் டெலி லென்ஸ் என்று நினைப்பார்கள், ஐயா.

மண்டபத்திலிருந்து:
எல்லாருக்கும் நன்றி. நாலு நாளில் முப்பத்தொரு மடல், இனி அச்சகம் காத்திருக்காது. அதிகம் பேர் சொன்னபடி 'ஒருகோண வில்லை' என்றே போடுகிறேன். கடையில் பிரைம் என்று கேட்கவும் என்று பக்கத்திலேயே ஒரு வரி. கண்ணி உவமையும் சேர்த்தாயிற்று. சூம் சூமாகவே போகிறது.

கீழக்கரையிலிருந்து:
அச்சிடுங்கள், டீச்சர். என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். கையேடு வந்ததும் எனக்கு இரண்டு படி அனுப்புங்கள். ஒன்றில் திருத்தி அனுப்புகிறேன், அடுத்த பதிப்புக்கு.