காம்பாக்ட்டா, டிஎஸ்எல்ஆரா? இரண்டையும் வைத்திருந்த அனுபவத்தில்

பாக்கெட்டுக்குள் போகிற, லென்ஸ் மாற்ற முடியாத காம்பாக்ட் கேமரா வாங்கலாமா, லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா? "அதெல்லாம் வேண்டாம், கூட வருகிற லென்ஸே போதும்" என்று பதில் வந்தால் தயங்காமல் காம்பாக்ட் பக்கம் கையைக் காட்டிவிடுவேன். நல்ல காம்பாக்ட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதிலும், பெரிய கேமரா வாங்கிய நண்பர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்த்ததிலும் வந்த முடிவு இது.

பெரிய கேமராவில், வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் பெரிதாக இருக்கும், அதனால் படம் நன்றாக வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி சரி. பழைய சின்ன காம்பாக்ட்டுகளில் இருந்த 1/2.3 இன்ச் சென்சார் ஏறக்குறைய 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். சாதாரண டிஎஸ்எல்ஆரில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் 23.5-க்கு 15.6 மி.மீ. பரப்பளவில் 13 மடங்கு. இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் பேச்சுக்கே இடமில்லை. அந்தச் சின்ன சென்சார் காம்பாக்ட்டை இன்று வாங்கவும் வேண்டாம், கையிலிருக்கும் செல்போனே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் 2012-ல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தது. பாக்கெட்டுக்குள் போகிற உடம்பில் 13.2-க்கு 8.8 மி.மீ. சென்சார். '1 இன்ச்' என்று சொல்வது இதைத்தான். இரண்டு வருடத்தில் கேனனின் ஜி7 எக்ஸும் அதே அளவு சென்சாரோடு வந்தது. நான் நல்ல காம்பாக்ட் என்று சொல்வது இந்த வகையை.

இதற்கும் ஏபிஎஸ்-சிக்கும் இடையில் இன்னும் 3 மடங்கு வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதை லென்ஸ் ஈடுகட்டிவிடுகிறது. டிஎஸ்எல்ஆரோடு பெட்டியில் வருகிற 18-55 கிட் லென்ஸின் (லென்ஸின் இந்த மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும்) துளை, அகலக் கோணத்தில் எஃப் 3.5, ஜூம் செய்தால் எஃப் 5.6. ஆர்எக்ஸ்100-ன் மூன்றாம் மாடலில் அதுவே எஃப் 1.8-லிருந்து 2.8 வரைதான். எண் குறையக் குறைய துளை பெரிது. எஃப் 5.6-ஐவிட 2.8 நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சென்சார் 3 மடங்கு சின்னது, லென்ஸ் 4 மடங்கு வெளிச்சம் தருகிறது, கணக்கு நேராகிவிட்டது. பின்னணி மங்கலாவதிலும் இதே கதைதான். ஆக, கிட் லென்ஸோடு மட்டுமே வாழப்போகிற டிஎஸ்எல்ஆரும் நல்ல காம்பாக்ட்டும் ஏறக்குறைய ஒரே படத்தைத் தருகின்றன. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதை நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. நண்பர் ஒருவரோடு மலைப்பாதையில் நடந்தபோது தெரிந்துகொண்டது. அவர் கையில் டிஎஸ்எல்ஆர், கிட் லென்ஸ். என்னிடம் காம்பாக்ட். விடிந்தும் விடியாத நேரம், கீழே பள்ளத்தாக்கில் பனி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே பாறையில் கேமராவை ஊன்றி ஒரே காட்சியை எடுத்தோம். திரும்பி வந்த பிறகு இரண்டையும் ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிழல் விழுந்த சரிவில் மரங்களின் இலை எவ்வளவு பிரிந்து தெரிகிறது, வானத்தில் புள்ளி புள்ளியாக ஏதாவது இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். எது எந்தக் கேமரா என்று அவரால் சொல்ல முடியவில்லை. தாளைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அந்த நடையில் இன்னொன்றும் நடந்தது. முதல் நாள் தோளில் தொங்கிய அவருடைய பை, மறுநாள் தங்கிய அறையிலேயே இருந்துவிட்டது. இறக்கத்தில் பாறைக்குப் பாறை கால் மாற்றும்போது பை முன்னால் சரிந்து இடிக்கிறது என்றார். நியாயம்தான். உதாரணத்துக்கு நிக்கான் டி3500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்எல்ஆர்களிலேயே எடை குறைந்தவற்றில் ஒன்று, பேட்டரியோடு 415 கிராம். கிட் லென்ஸ் 205, 70-300 ஜூம் இன்னொரு 415, 35 மி.மீ. லென்ஸ் 200. மொத்தம் 1,235 கிராம். பை, சார்ஜர் எல்லாம் தனி. ஆர்எக்ஸ்100 மூன்றாம் மாடல் பேட்டரியோடு 290 கிராம். மறுநாள் மழைக்குப் பிறகு பாதையின் குறுக்கே ஒரு கீரிப்பிள்ளைக் குடும்பம் போனது. படம் என்னிடம்தான் இருக்கிறது. சுமாரான படம்தான், ஆனாலும் இருக்கிறது. நண்பர் பின்னர் டிஎஸ்எல்ஆரைக் கொடுத்துவிட்டு காம்பாக்ட் வாங்கினார். இப்போது முன்பைவிட நிறைய எடுக்கிறார்.

ஆட்களைப் படம் எடுப்பதில் அளவு வேறு விதமாகவும் வேலை செய்கிறது. என் பாட்டி பெரிய கேமராவைத் தூக்கினாலே முந்தானையைச் சரி செய்துகொண்டு, வாயை இறுக மூடி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவார். "எடுத்தாச்சா கண்ணு?" என்று பல்லைக் கடித்தபடியே கேட்பார். காம்பாக்ட்டை இடுப்பு உயரத்தில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் கேமரா இருப்பதையே மறந்துவிடுவார். டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி, படம் எடுக்கும்போது எகிறும் அந்த 'டபக்' சத்தம் காம்பாக்ட்டில் கிடையாது, ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் விழுவதுகூடக் கேட்காது. பாட்டி சிரிக்கிற படங்கள் எங்கள் வீட்டில் எத்தனை இருக்கின்றனவோ, எல்லாமே காம்பாக்ட்டில் எடுத்தவை. ஜப்பானியத் தெருப் புகைப்படக்காரர் டைடோ மோரியாமா ரிக்கோவின் ஜிஆர் வகைச் சின்னக் கேமராக்களோடு தெருத்தெருவாக நடப்பவர் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. (ரிக்கோ ஜிஆர் 2013-லிருந்து ஏபிஎஸ்-சி சென்சாரோடு பாக்கெட் அளவிலேயே வருகிறது. ஆனால் ஜூம் கிடையாது, கோணம் ஒன்றே ஒன்று. அது பழகியவர்களுக்கு மட்டும்.)

சரி, அப்படியென்றால் டிஎஸ்எல்ஆர் எதற்கு?

மேடை நாடகம் ஒன்றில் படம் எடுத்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். அன்று இரண்டு கேமராவையும் எடுத்துப் போயிருந்தேன். அரங்கம் இருட்டு, நடிகர் மேல் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு. அவர் ஒரு வசனத்தில் சட்டென்று திரும்பி மண்டியிடுகிறார். நகர்கிற ஆளை உறைய வைக்க நொடியில் 250-ல் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும். காம்பாக்ட்டில் அந்த வேகம் வைத்தால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண்) ஏறி முகம் மணல் தூவியதுபோல ஆகிவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால் கை இரண்டாகத் தெரிகிறது. டிஎஸ்எல்ஆரில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போட்டேன். கிட் லென்ஸ் அதே இடத்தில் 5.6 துளையோடு நிற்கும். இது கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400 கேட்ட இடத்தில் 640 போதும் என்று ஆகிவிட்டது. மண்டியிட்ட அந்த நடிகரின் நெற்றி வியர்வையில் விளக்கு மின்னுவதுகூடத் தெரிகிறது. இந்த லென்ஸ் உள்ளங்கையில் அடங்கும், எடையும் குறைவு. லென்ஸ்களிலேயே விலை குறைந்த ரகமும் இதுதான். டிஎஸ்எல்ஆர் வாங்கிய காசுக்கு அர்த்தம் வருவது இது கைக்கு வந்த பிறகுதான் என்று அன்று உறுதியாகத் தெரிந்தது.

குளக்கரையில் மீன்கொத்திக்காகக் காத்திருப்பவர்களுக்கும் டிஎஸ்எல்ஆர்தான். மீன்கொத்தி கிளையிலிருந்து பாயும்போது நேரமே தராது. டிஎஸ்எல்ஆரின் கண்ணாடியில் விழுகிற வெளிச்சத்தில் ஒரு பங்கு அதை ஊடுருவி, அடியில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்ப வேண்டும் என்று அது ஒரே பார்வையில் சொல்லிவிடும். பழைய காம்பாக்ட்டுகள் முன்னும் பின்னும் போய்த் தேடிப் பார்த்துத்தான் நிற்கும், அதற்குள் பறவை தண்ணீரில் இருக்கும். 2016-ல் வந்த ஆர்எக்ஸ்100 ஐந்தாம் மாடலில் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டார்கள். ஆனால் அதன் ஜூம், பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் 70 மி.மீ.யோடு முடிந்துவிடுகிறது. அந்தப் படத்தில் மீன்கொத்தி நீலப் பொட்டாகத்தான் இருக்கும். 300 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சியில் மாட்டினால் அதே கணக்கில் 450-க்குச் சமமான நெருக்கம் கிடைக்கும், இறகை எண்ணலாம். பறவைதான் ஆசை என்றால் மேலே சொன்ன காம்பாக்ட் புராணத்தை எல்லாம் மறந்துவிடுங்கள்.

உச்சி வெயிலும் டிஎஸ்எல்ஆர் பக்கம்தான். திரை கண்ணாடிபோல் பளபளக்கும்போது கண்ணை வைத்துப் பார்க்க ஒரு வியூஃபைண்டர் இருப்பது பெரிய நிம்மதி. காம்பாக்ட் வாங்குபவர்கள் வியூஃபைண்டர் உள்ள மாடலாகத் தேடுங்கள், ஆர்எக்ஸ்100-ல் மூன்றாவதிலிருந்து மேலே எழும்பும் சின்னது ஒன்று உண்டு. பேட்டரியிலும் வித்தியாசம் பெரிது. டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் என்று நிக்கான் சொல்லும் கணக்கு, சின்னக் கேமராவில் 300 சொச்சம்தான். உபரி பேட்டரி இல்லாமல் காம்பாக்ட்டோடு கிளம்பாதீர்கள்.

தூசி பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. காம்பாக்ட்டின் லென்ஸ் ஒவ்வொரு முறை வெளியே நீண்டு உள்ளே போகும்போதும் காற்றை இழுக்கிறது. பாக்கெட்டில் இருக்கும் பஞ்சும் மணலும் கூடவே போகும். டிஎஸ்எல்ஆரில் சென்சாரில் தூசி விழுந்தால் லென்ஸைக் கழற்றி ஊதுபந்தால் ஊதிவிடலாம். காம்பாக்ட்டில் சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கடற்கரைப் பயணத்தில் உறவினரின் கேமரா லென்ஸில் மணல் சிக்கி, நீண்டது நீண்டபடியே நின்றுவிட்டது, அதோடு சரி. சின்னதாக ஒரு பவுச் வாங்கி அதில் போட்டு, அதைப் பாக்கெட்டில் வையுங்கள்.

சமீபத்தில் என் அக்கா மகள் இதே கேள்வியோடு வந்தாள். "மாமா, பாக்கெட்ல போடுற மாதிரி சின்னதா ஒண்ணு சொல்லுங்க போதும்" என்றாள். என்ன எடுக்கப் போகிறாய் என்று கேட்டால், நாடகக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாளாம். ஒத்திகை, மேக்கப் அறை, மேடை என்று எல்லாமே இருட்டு. லென்ஸ் மாற்றிப் பழகும் ஆர்வமும் இருக்கிறது. அவளுக்கு மட்டும் காம்பாக்ட் வேண்டாம் என்று சொன்னேன், பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றைத் தேடச் சொன்னேன். புதிது வேண்டியதில்லை. நிக்கானின் கடைசி டிஎஸ்எல்ஆர் டி6 வந்தது 2020-ல். அப்புறம் பெரும்பாலானவர்கள், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்விட்டார்கள். அதனால் நல்ல நிலையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர்களும் லென்ஸ்களும் கைமாறிக் கிடைக்கின்றன. படம் எடுக்கும் திறன் அவற்றில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வாங்கும் முன் கூடவே போய்ப் பார்த்தேன். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து டார்ச் அடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், அது பூஞ்சை, தொடவே கூடாது. துளையை எஃப் 16-ல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் சென்சார் தூசி கருப்புப் புள்ளியாக வந்துவிடும். ஷட்டர் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். நிக்கானில் எடுத்த படத்தின் விவரக் குறிப்பிலேயே அந்த எண் இருக்கும். தொடக்க நிலை மாடல்களுக்கு 1 லட்சம் வரை கணக்கு, நாங்கள் பார்த்தது அதில் கால்வாசிகூடத் தொடவில்லை. இன்னொரு விஷயம், நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 'டி' என்று போட்ட பழைய 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மோட்டார் உள்ளேயே இருக்கும் 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

"50-ஆ, 35-ஆ மாமா?" என்றாள். ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. லென்ஸ், அந்த ஃபிலிம் கணக்கில் 75-ன் கோணத்தைத்தான் தரும். மேடைக்கு அது அழகு. மேக்கப் அறைக்குள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் இரண்டு பேருக்கு மேல் ஃப்ரேமுக்குள் வரமாட்டார்கள். ஒத்திகைதான் அதிகம் நடக்கும் என்றாள், அதனால் முதலில் 35 எஃப் 1.8 வாங்கச் சொன்னேன். 50 அடுத்து.