58 வயசுல நாவல்: பத்துப் பக்கத்துல தூக்கம் வருது

சத்துவாச்சாரி:
அப்பாவுக்கு 58. பேப்பர் தவிர வேற எதுவும் படிச்சதில்ல, இப்போ திடீர்னு நாவல் மேல ஆசை. ஆனா நாலு பக்கத்துல கண்ணுல தண்ணி, பத்துப் பக்கத்துல குறட்டை. பைஃபோக்கல் கண்ணாடி. மதியம் சாப்பிட்டுக் கட்டில்ல படுத்துதான் படிக்கிறார். எந்தப் புத்தகம் தரலாம்?

காட்பாடி:
புத்தகம் அப்புறம் தம்பி, முதல்ல கட்டில். பைஃபோக்கல்ல படிக்கிற பவர் கண்ணாடியோட கீழ்ப்பகுதியில இருக்கு. படுத்துட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிச்சா தூரம் பார்க்கிற மேல்பகுதி வழியாத்தான் பார்ப்பார். எழுத்து மங்கும், கழுத்து வலிக்கும். படிக்கன்னே தனிக் கண்ணாடி போடுங்க. தூரப் பவர் இல்லாதவங்களுக்கு இந்த வயசுல பெரும்பாலும் +2.00 முதல் +2.50 வரை வரும். ரெடிமேட் வேண்டாம்: ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் பவரும் (சாய்வுப் பார்வைக் கோளாறைச் சரிசெய்யுற பவர்) இருக்காது, தலைவலிதான் மிச்சம். சர்க்கரை இருந்தா கட்டுக்குள் வந்தபிறகு டெஸ்ட் பண்ணுங்க. அது ஏறி இறங்கினா பவரும் மாறும்.

தண்ணி வர்றது பல நேரம் கண் காயுறதால. உத்துப் படிக்கும்போது இமைக்கிறது குறையும், ஃபேன் காத்து முகத்துல அடிச்சா இன்னும் மோசம். நம்ம ஊர் வெயிலுக்கு மதியம் யார் படிச்சாலும் தூக்கம்தான்; காலையில காபி குடிச்சதும் நாற்காலியில உட்காரச் சொல்லுங்க.

வாலாஜா:
மு.வ.வின் 'அகல் விளக்கு' கொடுங்க. 1961 சாகித்ய அகாதெமி பரிசு, கதையில நம்ம வாலாஜா வருது. நடுநடுவே உபதேசம் உண்டு, தாண்டிப் போகலாம். வாங்கும்போது மலிவுப் பதிப்பா பார்த்து எடுக்காதீங்க. ஒரு முழம் தள்ளிப் பிடிச்சா மெய்யெழுத்தோட புள்ளி தனியாத் தெரியணும். மை அப்பிப்போன அச்சுல தெரியாது. ஐந்து பாகம் 'பொன்னியின் செல்வன்' இப்போ வேண்டாம்.

ஆரணி:
அதை ஒத்துக்க மாட்டேன் சார். 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்தது அது. அத்தியாயம் சின்னது, முடிவுல கொக்கி இருக்கும், புதுசாப் படிக்கிறவங்களுக்கு அதுவே வசதி. சிக்கல் பெயர்கள்தான். ஒரு அட்டையில 'யார், யாருக்கு என்ன உறவு'ன்னு எழுதிப் புத்தகத்துக்குள்ளயே அடையாளமா வைங்க.

போன்லன்னா, 1998-ல தொடங்கின மதுரைத் திட்டம்னு தமிழ் நூல்களுக்கான இணையத்தளத்துல நிறைய நூல் இலவசம். பிடிஎஃப் எடுக்காதீங்க, எழுத்தைப் பெருசாக்கினா வரி திரையை விட்டு வெளியே போகும். ஈபப் (EPUB) வகை மின்னூல் எடுத்தா வரி தானா மடங்கிக்கும்.