சோவியத் கால செஸ் காய்கள்: நல்ல நகல் எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. 1935 மாஸ்கோ போட்டியில் போட்வினிக்கும் ஃப்ளோரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்களே, அந்தக் காலத்துக் காய்களைப் பார்த்து இப்போது செய்யும் மர செட் ஒன்று வாங்க ரொம்ப நாள் ஆசை. பல சோவியத் செட்களில் ராஜா தலையில் சிலுவை இருக்காது. வெள்ளை ராஜாவுக்குக் கறுப்புக் குமிழ், கறுப்பு ராஜாவுக்கு வெள்ளைக் குமிழ். அந்த அழகுக்காகவே வேண்டும்.

அமிர்தசரஸ் பட்டறைகளில் செய்கிறார்கள். ஆனால் போன மாதம் நான் வாங்கிய செட்டில் குதிரைக்கு முகமே மொண்ணை, கழுத்தில் அரம் போட்ட கோடுகள் அப்படியே தெரிந்தன. திருப்பி அனுப்பிவிட்டேன். செட்டுக்கு உயிரே குதிரைதான்.

என் பலகையில் கட்டம் 2.25 அங்குலம். 4 அங்குல ராஜா சரியாக வருமா? அப்புறம், அடியில் எடை வைத்தது நல்லதா, பழையபடி இலேசானதா? வாங்கி ஆடியவர்கள் குதிரையைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று போட்டால் பெரிய உதவி.