ஹைப்ரிட் வகைகளுக்குப் பெயர்: ‘தொடர்’, ‘பக்கம்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வாகனப் பழுதுநீக்கம் பயில்பவர்களுக்கான பாடக்குறிப்பில் ஹைப்ரிட் (எஞ்சினும் மின்மோட்டாரும் கொண்ட வண்டி) பகுதிக்குச் சொற்களை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எஞ்சின், மோட்டார், ஜெனரேட்டர், கிளட்ச், கியர், பேட்டரி ஆகியவற்றைத் தொட வேண்டாம். பட்டறையில் கை நீட்டிக் கேட்கும்போது வாயில் வரும் சொல்லே அங்கு நிற்கும். எனக்கு வேண்டியவை மேல்மட்டச் சொற்கள்: ஹைப்ரிட், பவர்டிரெயின் (எஞ்சின் முதல் சக்கரம் வரையுள்ள தொகுதி), ஹைப்ரிட்டின் மூன்று அமைப்பு வகைகள், பிளக்-இன், மைல்டு.

இப்போது எழுதப்படுபவை ‘கலப்பின வாகனம்’, ‘ஆற்றல் தொடர்’, ‘தொடர் கலப்பினம்’, ‘பக்கக் கலப்பினம்’. கலப்பினம் என்றதும் மாடும் நெல்லும்தான் நினைவுக்கு வருகின்றன. வெறும் ‘கலப்பு’ என்றாலோ எத்தனால் கலந்த பெட்ரோலோடு மோதுகிறது. ‘எத்தனால் கலப்புப் பெட்ரோலில் ஓடும் கலப்பு வாகனம்’ என்று ஒரே வரியில் எழுத நேர்ந்தால் படிப்பவர் தடுமாறுவார். ‘தொடர்’ இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருகிறது. ‘தொடர் ஆற்றல் தொடர்’ என்று எழுத மனம் வரவில்லை. கருத்து வேண்டுகிறேன்.

*

> ‘ஆற்றல் தொடர்’

ஐயா, இங்கே ‘ஆற்றல்’ தவறு. பவர்டிரெயின் கடத்துவது திறனை, அதாவது ஒரு நொடியில் பாயும் ஆற்றலை. பேட்டரியும் எரிபொருள் தொட்டியும்தான் ஆற்றலைச் சேமிக்கின்றன. ஹைப்ரிட்டில் இந்த வேறுபாடு உயிர்நாடி. டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான பிரியஸின் இரண்டாம் தலைமுறையில் பேட்டரி 201.6 வோல்ட், 6.5 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1.3 கிலோவாட்-மணிதான் வரும். ஆனால் வேகம் எடுக்கும்போது 20 கிலோவாட்டுக்கு மேல் கொடுக்கும். ஆற்றல் சிறிது, திறன் பெரிது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தப் பேட்டரி ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதையே விளக்க முடியாது.

‘திறன்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘பயனுறுதிறன்’, ‘செயல்திறன்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். இலங்கைப் பாடநூல்களில் இதற்கு ‘வலு’ என்று வெகுகாலமாக வழங்குகிறது. குறுகியது, வேறு பொருளோடு மோதாது. பவர்டிரெயின் என்பதை ‘வலுத்தொகுதி’ என்றும், எஞ்சினை விட்டுவிட்டு கிளட்ச் முதல் சக்கரம் வரையுள்ள டிரைவ்லைனைக் ‘கடத்துதொகுதி’ என்றும் பிரிக்கலாம். ‘தொடர்’ இந்த இடத்திலிருந்து விடைபெறும்.

*

‘வலுத்தொகுதி’க்கு என் ஆதரவு. ஆனால் ‘தொடர்’, ‘பக்கம்’ என்ற வகைப்பெயர்களில் இதைவிடப் பெரிய பிழை இருக்கிறது.

மாணவர் இந்தச் சொற்களை இயற்பியல் வகுப்பில் மின்சுற்றுக்காகப் படித்திருப்பார்: மின்தடைகளைத் தொடரில் இணைப்பது, பக்க இணைப்பில் இணைப்பது. ‘தொடர் ஹைப்ரிட்’ என்று கேட்டதும் பேட்டரியும் ஜெனரேட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக வயரிடப்பட்டிருக்கும் என்று நினைப்பார். உண்மை நேர்மாறு. தொடர் ஹைப்ரிட்டில் ஜெனரேட்டரின் இன்வெர்ட்டரும் (மாறுமின்னையும் நேர்மின்னையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றும் கருவி) பேட்டரியும் மோட்டாரின் இன்வெர்ட்டரும் ஒரே நேர்மின் (டி.சி.) தடத்தில் பக்க இணைப்பாகத்தான் நிற்கின்றன. ‘தொடர்’ என்ற பெயர் சொல்வது வேறு: எஞ்சின், ஜெனரேட்டர், மோட்டார், சக்கரம் என்று வலு பாயும் வரிசை. மின்காப்பு முறிவு தேடும் பழுதுநீக்குபவர் சுற்றுப்படத்தைத் தப்பாக மனத்தில் வைத்துக்கொண்டால் தப்பான இடத்தில்தான் மீட்டரை வைப்பார்.

ஆகவே எஞ்சினின் வலு எந்த வழியாகச் சக்கரத்தை அடைகிறது என்பதை வைத்தே பெயரிடுவோம்.

மின்வழி: எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இயந்திரத் தொடர்பே இல்லை, எல்லாம் மின்சாரமாகிப் போகிறது. நிசானின் ஈ-பவர் இப்படித்தான்.

இணைவழி: எஞ்சினும் மோட்டாரும் ஒரே கடத்துதொகுதியில் சேர்ந்து தள்ளுகின்றன.

பிரிவழி: எஞ்சினின் வலு கோள்பல்லிணையில் (பிளானட்டரி கியர்) இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு பல்லிணை வழியாகவும் மறு பங்கு மின்சாரமாகவும் போகிறது. 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ் முதல் டொயோட்டா பிடித்துக்கொண்ட வழி.

*

> இணைவழி

‘இணையவழி’ என்று படித்துவிடுவார்கள் அம்மா. ‘இணையவழி வகுப்பு’, ‘இணையவழி விண்ணப்பம்’ எல்லாம் கண்ணில் பதிந்துபோன காலம் இது. ஓர் எழுத்துதான் வேறுபாடு; பிழை திருத்துபவரே ‘ய’வைச் சேர்த்துவிடுவார். ‘கூட்டுவழி’ என்று வைக்கலாம். இரண்டின் முறுக்குவிசையும் ஓரிடத்தில் கூடுகின்றன என்ற பொருளும் வந்துவிடுகிறது.

‘பிரிவழி’ நல்ல சொல். ஆனால் எது பிரிகிறது என்பதை வரையறையில் கட்டாயம் எழுத வேண்டும். பிரியஸின் கோள்பல்லிணையை எடுத்துக்கொள்வோம். நடுவில் சூரியப்பல்லிணை, 30 பற்கள்; அதில் முதல் மோட்டார்-ஜெனரேட்டர். வெளியே வளையப்பல்லிணை, 78 பற்கள். அதிலிருந்து சக்கரத்துக்குப் போகிறது, இரண்டாம் மோட்டாரும் அந்தப் பக்கம்தான். இடையில் கோள்களைத் தாங்கும் தாங்கி, அதில் எஞ்சின்.

முறுக்குவிசை எப்போதும் பற்களின் விகிதத்தில்தான் பிரியும். எஞ்சின் 100 நியூட்டன்-மீட்டர் கொடுத்தால் 72 வளையத்துக்கு, 28 சூரியனுக்கு. இதை எந்தக் கணினியாலும் மாற்ற முடியாது. மாறுவது வேகம், வேகம் மாறுவதால் வலுவின் பங்கு மாறுகிறது. வேகங்களைக் கட்டும் சமன்பாடு எளிது: சூரியனின் வேகம் × 30, வளையத்தின் வேகம் × 78, இரண்டையும் கூட்டினால் தாங்கியின் வேகம் × 108.

வண்டி நிற்கிறது, எஞ்சின் 1000 சுற்றில் ஓடுகிறது. வளையம் 0, ஆகவே சூரியன் 3600. எஞ்சின் நின்றிருக்க, வளையம் 2000 சுற்றில் வண்டி மின்சாரத்தில் ஓடினால் சூரியன் எதிர்த்திசையில் 5200. பழைய பிரியஸ் எஞ்சினை அணைத்துவிட்டு அதிவேகம் போக முடியாததற்குக் காரணம் இதுதான். மின்சாரம் போதாமல் இல்லை. முதல் மோட்டார் தாங்கும் சுற்றுவேகம் அங்கே முடிந்துவிடுகிறது.

நெடுஞ்சாலையில் இன்னொரு வினோதம் உண்டு. எஞ்சின் 1500, வளையம் 3000 என்றால் சூரியன் எதிர்த்திசையில் 2400. அப்போது ‘ஜெனரேட்டர்’ மோட்டாராக வேலை செய்கிறது, அதற்கு வேண்டிய மின்சாரத்தை ‘மோட்டார்’ தயாரிக்கிறது. வலுவின் ஒரு பங்கு வட்டமடித்துத் திரும்பி வருகிறது, சுற்றுக்குச் சுற்று இழப்போடு. இதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘வலுச்சுழல்’ எப்படி?

*

‘வலுச்சுழல்’ அப்படியே இருக்கட்டும், அழகாகவும் சரியாகவும் இருக்கிறது.

வழியை வைத்துப் பெயரிடுவதன் பெரிய பயனை நான் வேறிடத்தில் காண்கிறேன். எந்த ஓட்டத்துக்கு எந்த வண்டி என்பதைப் பெயரே பாதி சொல்லிவிடும்.

மின்வழியில் எஞ்சின் சக்கரத்தின் வேகத்துக்குக் கட்டுப்படாது. சிக்கனமான சுற்றிலேயே ஓடலாம். நின்று நின்று போகும் நெரிசலில் இது பெரிய வரம். ஆனால் எஞ்சினின் வலு ஜெனரேட்டர், இரண்டு இன்வெர்ட்டர், மோட்டார் என ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இழந்துதான் சக்கரத்துக்கு வருகிறது. நேர் கியர் இணைப்போடு ஒப்பிட்டால் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் போய்விடும். சீரான அதிவேகத்தில் சாதாரண எஞ்சினே சிக்கனமான சுமையில் ஓடுவதால், மின்வழிக்கு அங்கே ஈடுகட்ட எதுவும் இல்லை. ஹோண்டாவின் இரட்டை மோட்டார் அமைப்பில் ஒரு கிளட்ச் இருப்பது இதற்காகத்தான்: கீழ்வேகத்தில் மின்வழி, நெடுஞ்சாலையில் கிளட்ச் பூட்டி, மேல் கியருக்கு நிகரான ஒற்றை விகிதத்தில் நேர்வழி.

நாளெல்லாம் நெடுஞ்சாலை, பின்னால் இழுவை வண்டி என்றால் கூட்டுவழி. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மோட்டார், அதற்கு முன்னால் எஞ்சினைக் கழற்றிவிடும் கிளட்ச். கியர்பாக்ஸ் முழுதாக இருப்பதால் இழுவை நன்றாக இருக்கும். தொல்லை, ஓட்டத்தில் எஞ்சினை எழுப்பும் கணத்தில் வரும். மோட்டார் வண்டியையும் தள்ள வேண்டும், எஞ்சினையும் சுழற்ற வேண்டும்; கட்டுப்பாட்டகம் அதற்கென்று முறுக்குவிசையில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கவில்லை என்றால் வண்டி குலுங்கும். அந்தக் கிளட்ச் தேய்ந்திருந்தாலும், கடிக்கும் இடத்தை மீண்டும் கற்பிக்காமல் விட்டாலும் இதே குலுக்கல்தான்.

முன்சக்கரத்துக்கு எஞ்சின், பின்சக்கரத்துக்கு மோட்டார் மட்டும் என்ற அமைப்பை எங்கே வைப்பது என்று கேள்வி வரலாம். அதுவும் கூட்டுவழிதான். முறுக்குவிசைகள் கூடும் இடம் சாலை. பேட்டரி ஏற வேண்டுமானால் எஞ்சின் முன்சக்கரத்தால் வண்டியைத் தள்ள, பின்சக்கரம் சாலையால் உருட்டப்பட்டு மின்சாரம் தரும்.

மலைச்சாலைக்கு மூன்றுமே ஒரே கணக்குக்கு உட்பட்டவை. 1500 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 0.4 கிலோவாட்-மணி. உருளலிலும் காற்றிலும் ஒரு பகுதி போகும். முன்னே சொன்ன 1.3 கிலோவாட்-மணி பேட்டரியோ ஏறத்தாழ 40 முதல் 80 விழுக்காட்டுக்குள்தான் பயன்படுத்தப்படுகிறது, அதாவது அரை கிலோவாட்-மணி. நீண்ட இறக்கத்தில் அது சீக்கிரம் நிரம்பிவிடும்; அதற்குமேல் மின்மீட்பு, அதாவது வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் மின்சாரம் எடுத்துப் பேட்டரியில் சேர்ப்பது, இல்லை. கியர் நெம்புகோலை ‘பி’ (B) நிலையில் போட்டால் எரிபொருள் இல்லாமல் எஞ்சினைச் சுழற்றி வேகத்தைத் தின்னும். அதைத் தெரியாமல் பெடலையே மிதித்துக்கொண்டு இறங்குபவருக்குத் தட்டு சூடாகி பிரேக் பிடிப்பு குறையும். சமவெளியில் ஓடும் அதே வண்டிக்கு எதிர்மாறான குறை: மின்மீட்பே பெரும்பாலும் நிறுத்திவிடுவதால் தட்டில் துரு ஏறும், காலிப்பர் ஊசிகள் இறுகும். எப்போதாவது ஆளில்லாத இடத்தில் அழுத்திப் பிரேக் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

*

மீதமுள்ள சொற்களுக்கு வருகிறேன்.

ஹைப்ரிட்: ‘ஈருந்து’ என்று ஒருவர் தனிமடலில் பரிந்துரைத்தார். பேருந்து, மகிழுந்து வரிசையில் அது இருசக்கர வண்டியாகிவிடும். ‘ஈராற்றல்’ பொருந்துகிறது. உந்துவதற்கு இரண்டு வகை ஆற்றல் சேமிப்பும் இரண்டு வகை ஆற்றல்மாற்றியும் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் வரையறை. பெட்ரோலிலும் எரிவாயுவிலும் ஓடுவது இதில் சேராது. அங்கே தொட்டி இரண்டு, மாற்றி ஒரே எஞ்சின். அதற்கு ‘இரு எரிபொருள்’ என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. பேச்சில் ஹைப்ரிட் என்பதே நிலைக்கும், அதைத் தடுக்க வேண்டாம். எழுத்தில் முதல் இடத்தில் ‘ஈராற்றல் வாகனம் எனும் ஹைப்ரிட்’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

பிளக்-இன்: ‘செருகு’ வேண்டாம். செருகுவது பொருட்டல்ல, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே பொருட்டு. ஐ.நா. வாகன விதிமுறைகளும் ‘வாகனத்துக்கு வெளியிலிருந்து மின்னேற்றக்கூடியது’ என்றே பிரிக்கின்றன. ‘புறமின்னேற்று ஈராற்றல்’ என்பேன். தினமும் குறுந்தூரம், நிறுத்துமிடத்தில் மின்னிணைப்பு உண்டு என்பவருக்கே இது பயன். மின்னேற்றாமல் ஓட்டினால் கனமான பேட்டரியைச் சும்மா சுமப்பதுதான் மிச்சம். எப்போதும் மின்னேற்றி மட்டுமே ஓட்டுபவருக்கு வேறு கவலை: தொட்டியில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து கெடும், எஞ்சின் எப்போதாவது சில நிமிடம் மட்டும் ஓடி, சூடேறாமலே அணைவதால் எண்ணெயில் எரிபொருளும் நீரும் சேரும்.

மைல்டு: ‘மென்’ என்பதைவிட ‘மின்துணை’ தெளிவு. 48 வோல்ட், பெல்ட்டில் ஓடும் மோட்டார்-ஜெனரேட்டர். தனியாக வண்டியை ஓட்டாது, எஞ்சினுக்குக் கை கொடுக்கும். தொட்டால் ஆபத்து என்று கருதப்படும் 60 வோல்ட் நேர்மின் எல்லைக்குக் கீழே நிற்கத்தான் 48. பெல்ட் சில நேரம் இழுக்கும், சில நேரம் இழுக்கப்படும். ஆகவே இறுக்கி இருபக்கமும் வேலை செய்யும் வகை. பழைய ஒருபக்க இறுக்கியை மாட்டினால் எஞ்சின் தொடங்கும்போது பெல்ட் வழுக்கிக் கீச்சிடும்.

*

எல்லோருக்கும் நன்றி. வலுத்தொகுதி, கடத்துதொகுதி, ஈராற்றல், மின்வழி, கூட்டுவழி, பிரிவழி, வலுச்சுழல், மின்மீட்பு, மின்துணை, புறமின்னேற்று ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, பாதுகாப்புப் பகுதியிலிருந்து ஒரு பத்தி:

“பிரிவழி வாகனத்தை ஓட்டுசக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்லக் கூடாது. சக்கரத்தோடு மோட்டார் எப்போதும் பிணைந்திருப்பதால், சாவி அணைந்திருந்தாலும் அது மின்னழுத்தம் உண்டாக்கும். ஓட்டுசக்கரத்தைத் தூக்கியே இழுக்கவும். நெரிசலில் ‘என்’ (நியூட்ரல்) நிலையில் நெடுநேரம் நிறுத்த வேண்டாம். அந்நிலையில் பேட்டரி ஏறாது, குளிர்சாதனம் அதை இறக்கிக்கொண்டே இருக்கும். உயர் அழுத்தப் பகுதியில் கை வைக்கும் முன் வாகனத்தை அணைத்து, 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, 1000 வோல்ட் கையுறை அணிந்து சேவைச் செருகியை (உயர் அழுத்தப் பேட்டரியின் சுற்றைத் துண்டிக்கும் செருகி) உருவித் தன் பையில் வைத்துக்கொள்ளவும். இன்வெர்ட்டரின் மின்தேக்கிகள் வடியக் கையேடு சொல்லும் நேரம், பொதுவாக 5 முதல் 10 நிமிடம், காத்திருக்கவும். பிறகும் மீட்டரால் சுழி என்று உறுதி செய்த பின்னரே ஆரஞ்சு நிற வயரைத் தொடவும்.”

ஒன்று மட்டும் பாக்கி. பிரிவழிக்கு விளம்பரங்களில் ‘ஈ-சிவிடி’ என்று எழுதுகிறார்கள். சிவிடி என்பது பெல்ட்டும் விரியும் கப்பியும் கொண்டு விகிதத்தைப் படியின்றி மாற்றும் கியர்பாக்ஸ். பிரிவழியில் அந்த இரண்டும் இல்லை. ஆனால் பெயரைப் பார்த்து சிவிடி எண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள். ‘மின்முறை விகிதமாற்றி’ என்று எழுதலாமா, அல்லது அந்த இடத்தில் ‘கோள்பல்லிணைத் தொகுதி’ என்றே நிறுத்திக்கொள்ளலாமா?

*

கோள்பல்லிணைத் தொகுதி என்றே எழுதுங்கள். எண்ணெய் ஊற்றுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.