ஹாங்காங் யம் சாவில் அம்மா கண்டுபிடித்த கொழுக்கட்டை மாவு

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஹாங்காங் போயிருந்தேன். அம்மா மீன், இறால் சாப்பிடுவாங்க. பன்றியும் மாடும் தொட மாட்டாங்க. டிம் சம்னு அங்க தேநீரோட சாப்பிடுற சின்னச் சின்னப் பலகாரங்கள், அது நமக்குச் சரிப்படாதுன்னு ரெண்டு நாள் ஒதுங்கியே இருந்தோம். மூணாவது நாள் காலையில, ஷியுங் வான் பக்கம் ஒரு பழைய கடையில நுழைஞ்சுட்டோம். தனி மேசை இல்ல. ஒரு பெரியவர் பேப்பர் விரிச்சு உட்கார்ந்திருந்த வட்ட மேசையிலயே எங்களுக்கும் இடம் கொடுத்தாங்க. அங்க அது சகஜம்.

தேநீர் வந்ததும் அம்மா குடிக்கப் போனாங்க. பெரியவர் கையசைச்சுத் தடுத்தார். முதல்ல ஊத்தினதுல கோப்பை, கிண்ணம், குச்சி நுனி எல்லாத்தையும் அலசி, நடுவுல இருந்த பெரிய கிண்ணத்துல கொட்டிக் காட்டினார். அம்மாவுக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடிச்சுப் போச்சு. அப்புறம் அவரே எங்களுக்கு ஊத்திட்டு, ரெண்டு விரலை மடக்கி மேசையில தட்டச் சொன்னார். அதுதான் நன்றி. சீனாவோட சியான்லுங் சக்கரவர்த்தி மாறுவேஷத்துல போறப்போ கூட வந்தவருக்குத் தேநீர் ஊத்தினாராம். விழுந்து கும்பிட்டா ராஜான்னு தெரிஞ்சுடுமேன்னு, கூட வந்தவர் தன் விரலை மண்டியிட வெச்சாராம். கதைதான், ஆனா சுத்தி எல்லா மேசையிலயும் விரல் தட்டிக்கிட்டே இருந்தது. கெட்டில் காலியானா மூடியைச் சாய்ச்சு வெச்சா போதும், வெந்நீர் வந்துடும். டிம் சம் சாப்பிடப் போறதைக்கூட அங்க 'யம் சா'ன்னுதான் சொல்றாங்க, தேநீர் குடிக்கிறதுன்னு அர்த்தம்.

ஹா காவ் வந்தது, இறால் வெச்சு ஆவியில வேகவெச்ச கொழுக்கட்டை. மூங்கில் கூடையில நாலு. தோல் வழியா இறாலோட இளஞ்சிவப்பு தெரியுது. மடிப்பு ஒரு பக்கம் மட்டும்தான். அம்மா எண்ணினாங்க, 11. ஒண்ணைப் பிட்டு, தோலை மட்டும் தனியா எடுத்து விரலால நசுக்கிப் பார்த்துட்டு, "பாருடி, இது வெந்நீர் ஊத்திக் கிளறின மாவு. நம்ம கொழுக்கட்டை மாதிரியேதான். ஆனா அரிசி இல்ல"ன்னாங்க.

ஊருக்கு வந்து விசாரிச்சா, அவங்க சொன்னது அப்படியே சரி. கோதுமையில பசையை நீக்கிட்டு எடுக்கிற வெறும் மாவுச்சத்து அது. நாங்க திருநெல்வேலி. அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுத்து வெச்சா அடியில வெள்ளையா தங்குமே, அதைக் காயவெச்சா அதுதான்! கூடக் கொஞ்சம் மரவள்ளி மாவு. கொதிக்கிற தண்ணியில பிசைஞ்சு, எண்ணெய் தடவின அகலக் கத்தியோட பக்கத்தால அமுக்கி வட்டம் எடுக்கிறாங்க. பசை இல்லாததாலதான் அந்தக் கண்ணாடித் தன்மை.

கறி சாப்பிடாதவங்க ஒண்ணு கவனிங்க. சியு மாய்ங்கிற இன்னொரு டிம் சம்ல பன்றி இருக்கும். முள்ளங்கி கேக்னு பேரைப் பார்த்து நம்பாதீங்க, அதுல காஞ்ச இறாலும் பன்றி சாசேஜும் போடுவாங்க. மறுநாள் வேற ஒரு கடையில "காய் மட்டும்தான்"னு சொல்லிக் கொடுத்தாங்க. அம்மா ஒரு வாய் வெச்ச பிறகுதான் சாசேஜ் துண்டைப் பார்த்தேன். அம்மா எழுந்து போய் வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்தாங்க. அது இன்னும் எனக்கு உறுத்துது.

வீட்ல அம்மா ரெண்டு தடவை ஹா காவ் செஞ்சாங்க. ரெண்டு தடவையும் ஆவியில கிழிஞ்சுபோச்சு. யாருக்காவது கைப்பக்குவம் தெரியுமா?

*

சகோதரி, நான் மலேசியாவின் ஈப்போ. எங்களுக்கு டிம் சம் என்றால் காலைப் பசியாறல். லியோங் சின் நாம் சாலையில் கடைகள் வரிசையாக இருக்கும். ஞாயிறு என்றால் விடிந்ததும் கூட்டம்தான். பன்றி வேண்டாதவர்களுக்குக் கோழி வைத்த ஹலால் டிம் சம் மலேசியாவில் தாராளமாகக் கிடைக்கும். அம்மாவை இங்கே அழைத்து வாருங்கள்.

கிழிவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. மாவைத் திறந்து வைத்தால் உடனே வறண்டுவிடும், ஈரத்துணி போட்டு மூடுங்கள். அடுத்தது நேரம். கொழுக்கட்டை போல நிதானமாக வேகவிடக் கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கூடையை ஏற்றி, 5 அல்லது 6 நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

*

அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன் அண்ணா. ரெண்டு தடவையும் கால் மணி நேரம் வெச்சிருக்காங்க. இன்னிக்கு ராத்திரியே கோதுமை ஊறப் போட்டாச்சு.