தாத்தா வீடு குழு: சனிக்கிழமை மிலான் ஏலம்

வியாழன்

நான், மாலை 5:40
எல்லோருக்கும் ஒரு விஷயம். சனிக்கிழமை மிலானில் ஒரு பழைய கார் ஏலம் நடக்கிறது, அதில் கேட்கப் பெயர் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட் நகல், வங்கிக் கடிதம் எல்லாம் அனுப்பியாகிவிட்டது. ஆல்ஃபா ரோமியோ ஜிடி 1300 ஜூனியர், 1969, சிவப்பு. மியூனிக்கிலிருந்தே ஆன்லைனில் கேட்கலாம். ஆறு படம் போடுகிறேன், பாருங்கள்.

அக்கா, மாலை 5:46
அழகாகத்தான் இருக்கிறது. வீட்டுக் கடன் என்ன ஆச்சு?

நான், மாலை 5:49
அதைத் தொடவில்லை அக்கா. ஆறு வருடமாக இதற்கென்றே தனியாகப் போட்டுவந்த பணம், 30,000 யூரோ இருக்கிறது. அதற்கு மேல் ஒரு யூரோகூடக் கடன் வாங்க மாட்டேன்.

சித்தி, மாலை 5:55
கண்ணு, ஏலத்தில் ஒரு இத்தாலிக் கார் 430 கோடிக்குப் போனது என்று பேப்பரில் போட்டிருந்தார்களே, அந்த மாதிரி இடத்துக்கா போகிறாய்? எனக்குப் பயமாக இருக்கிறது.

நான், மாலை 6:02
அது ஃபெராரி 250 ஜிடிஓ சித்தி. 2023 நவம்பரில் நியூயார்க்கில் 5 கோடியே 17 லட்சம் டாலருக்குப் போனது. அந்த மாடலே உலகத்தில் முப்பத்துச் சொச்சம்தான். இது ஆயிரக்கணக்கில் செய்த கார், அந்தக் காலத்தில் சம்பளக்காரர்களும் வாங்கியது. இதை வரைந்தவர் ஜுஜாரோ, அப்போது பெர்த்தோனே கம்பெனியில் வேலை, 25 வயதுகூட ஆகவில்லை. நீங்கள் ஓட்டினீர்களே மாட்டிஸ், அதுவும் பின்னாளில் அவர் கம்பெனி வரைந்ததுதான்.

சித்தி, மாலை 6:04
என் மாட்டிஸா! சரி, அப்படியென்றால் நல்ல கைதான்.

அப்பா, மாலை 6:20
தம்பி, நம் பழைய பத்மினி காரும் இத்தாலிதான். ஃபியட் 1100. பம்பாயில் செய்தார்கள், அவ்வளவுதான். உன் அக்காவைக் காலேஜில் சேர்க்க அதை விற்ற அன்று நீ கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதாய். ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பார்க்காமல் வாங்காதே. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டுக்கு விலை சொல்வோமா?

மாமா, மாலை 6:31
மாப்பிள்ளை, ஆறு படமும் பார்த்தேன். எல்லாம் மேலே எடுத்த படம். அடியில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. இந்த வண்டிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. கதவுக்கு அடியில் ஓடுகிறதே ரன்னிங் போர்டு, அது துருப்பிடித்தால் வண்டிக்கு முதுகெலும்பு போனது என்று அர்த்தம். இஞ்சின் போனால் நான் இங்கிருந்தே சொல்லிக் கட்ட வைப்பேன். பாடி போனால் அந்த ஊர் டிங்கர் கூலியில் உன் சேமிப்பு கரைந்துவிடும். யாராவது நேரில் போய்ப் பார்க்கணும்.

பாப்பா, மாலை 6:40
நாளைக்கு எனக்கு ஒரு மணிக்கு மேல் வகுப்பு இல்லை அண்ணா. டுரினிலிருந்து மிலானுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். நான் போய்வருகிறேன். என்ன பார்க்கணும் என்று மாமா சொல்லட்டும்.

மாமா, மாலை 6:43
ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்று, அதைச் சுற்ற மெல்லிய துணி, ஒரு டார்ச். இவ்வளவு போதும் பாப்பா. பெயின்ட்டில் கீறல் விழக்கூடாது, அதற்குத்தான் துணி.

வெள்ளி

பாப்பா, மதியம் 3:15
வந்துவிட்டேன். பெரிய ஹால், ஐம்பது அறுபது கார் இருக்கும். சிவப்பு கார் முன் வரிசையிலேயே நிற்கிறது. அண்ணா, நேரில் ரொம்ப அழகு. பேனட்டின் முன் விளிம்பு கொஞ்சம் தூக்கினாற்போல் படிக்கட்டு மாதிரி இருக்கிறது, இவர்கள் ஸ்கலினோ என்கிறார்கள், படி என்றுதான் அர்த்தம்.

நான், மதியம் 3:16
அந்தப் படிக்காகத்தான் பாப்பா இந்தக் காரையே தேடினேன். 1970-க்குப் பிறகு வந்ததில் அது இல்லை.

மாமா, மதியம் 3:18
கீழே குனிந்து காந்தத்தை வை. முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்து நாலு விரல் நகர்த்தி நகர்த்தி வை.

பாப்பா, மதியம் 3:27
முன்னால் பிடிக்கிறது. நடுவில் வந்தால் வழுக்குகிறது. பின் சக்கர வளைவுக்குப் பக்கத்தில் கையை எடுத்ததும் விழுந்துவிட்டது, மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். வலது பக்கமும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

மாமா, மதியம் 3:28
பட்டி. தகடு இருக்க வேண்டிய இடத்தில் துருவை மறைக்கப் பூசின பட்டி இருக்கிறது, அதில் காந்தம் ஒட்டாது. அடியில் டார்ச் அடித்துப் பார்.

பாப்பா, மதியம் 3:33
அடியெல்லாம் புதுசாகக் கறுப்புத் தார் மாதிரி தடவியிருக்கிறது, இன்னும் வாசனை போகவில்லை. டிக்கியில் ஸ்டெப்னி குழியிலும் அதேதான். ஓட்டுநர் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினேன், அடியில் ஈரம்.

மாமா, மதியம் 3:36
ஏலத்துக்கு முந்தின மாதம் அடியில் கறுப்படித்த வண்டியை நான் நம்ப மாட்டேன். முப்பது வருடமாகப் பத்மினிக்குத் தரை மாற்றினவன் சொல்கிறேன், அந்தக் கறுப்புக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கி, சுரண்டிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

நான், மதியம் 3:50
மாமா, இதற்கு ரிசர்வ் விலை கிடையாது, அதாவது இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று உரிமையாளர் எந்த விலையும் வைக்கவில்லை. மதிப்பு 24,000-லிருந்து 28,000 என்று போட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் குறைந்தால் 20,000-க்குக்கூட முடியலாம். மிச்சப் பணத்தில் பாடி வேலை பார்த்துக்கொள்ளலாமே.

பாப்பா, மாலை 4:05
அண்ணா, ரிசர்வ் இல்லை என்றால் மலிவாகக் கிடைக்கும் என்று நினைக்காதே. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் 2016 நவம்பரில் இதே மிலானில் நடந்த துயெமிலா ருவோத்தே ஏலத்துக்குப் போனவர். ஒரே ஆள் சேர்த்து வைத்திருந்த 400-க்கும் மேற்பட்ட கார்கள், அரசாங்கம் ஜப்தி செய்தது, எதற்கும் ரிசர்வ் இல்லை. மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் ஊரே வந்திருக்கிறது, அதனாலேயே விலை ஏறிவிட்டது என்கிறார். ஓடாத கார், தூசு மண்டின கார் எல்லாம் மதிப்பைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒன்றுகூட மிஞ்சவில்லை, மொத்தம் 5 கோடி யூரோவுக்கு மேல். இவரும் ஒரு லான்சியாவுக்குக் கை தூக்கினாராம், கிடைக்கவில்லை.

அப்பா, மாலை 4:12
நம் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவோம், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட என்ன விலை என்று தெரியாது, அதனால் ரோஷம் வராது. ஏலத்தில் எல்லோர் முன்னாலும் விலை ஏறுகிறது. அங்கே மாட்டை விட்டுவிட்டு மனுஷனைப் பார்த்து விலை சொல்லத் தொடங்கிவிடுவோம். சாமி, முடிவைச் சனிக்கிழமைக்கு வைக்காதே, இன்றைக்கே காகிதத்தில் எழுதி வை.

பாப்பா, மாலை 4:30
பின்னால், கடைசி வரிசையில் இன்னொரு ஜூனியர் இருக்கிறது, காவி மஞ்சள், 1972. பேனட்டில் படி இல்லை. யாரும் அதன் பக்கம் போகவில்லை. டேஷ்போர்டு வெடித்திருக்கிறது, ஓட்டுநர் சீட்டில் பஞ்சு தெரிகிறது, மேல் பெயின்ட் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. ஆனால் காந்தம் எல்லா இடத்திலும் டக்கென்று ஒட்டுகிறது. இடது பக்கத் தரையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை, அதை மறைக்கக்கூட இல்லை, எட்டிப் பார்த்தால் ஹாலின் தரை தெரிகிறது.

மாமா, மாலை 4:32
அதுதான் வண்டி.

மாமா, மாலை 4:33
பேனட்டைத் திறக்கச் சொல். ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார், மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா? இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். அப்புறம் இஞ்சின் பிளாக்கில் உள்ள நம்பர்.

பாப்பா, மாலை 4:45
மூடியில் வெள்ளை எதுவும் இல்லை, கறுப்பு ஆயில்தான். நம்பர் ஏஆர் 00530 என்று ஆரம்பிக்கிறது, அதற்குப் பிறகு வருவதைப் படம் எடுத்திருக்கிறேன். ஒரு பழைய ஃபைல் வைத்திருக்கிறார்கள், கையால் எழுதின சர்வீஸ் பில்களாக இருக்கிறது, கடைசி இருபத்தைந்து வருடமாக ஒரே மெக்கானிக்கின் கையெழுத்து.

நான், மாலை 4:52
00530 ஜூனியருக்கே உரிய இஞ்சின் வரிசை மாமா. ஃபைலில் எழுதியிருக்கும் நம்பரும் படத்தில் உள்ளதும் ஒன்றாகவே இருக்கிறது, கம்பெனியில் வைத்த இஞ்சின்தான்.

மாமா, மாலை 4:55
1290 சிசி, அலுமினியம் பிளாக், மேலே இரட்டை கேம்ஷாஃப்ட், பக்கவாட்டில் இரட்டை கார்பரேட்டர், ஐந்து கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். நம் பத்மினி அதே காலத்தில் நாலு கியரோடும் டிரம் பிரேக்கோடும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இஞ்சினை ஒரு தடவையாவது கையால் பிரித்துப் பார்க்கணும் என்று பட்டறைக்குப் போன நாளிலிருந்து ஆசை.

அக்கா, மாலை 5:10
பஞ்சு தெரிகிற சீட்டு, வெளுத்த பெயின்ட், இதற்கா இத்தனை ஆயிரம் யூரோ? எனக்குப் புரியவில்லை, யாராவது விளக்குங்கள்.

நான், மாலை 5:24
அக்கா, 2015 பிப்ரவரியில் பாரிஸில் 59 கார்களை ஏலம் விட்டார்கள். ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் கொட்டகையில் ஐம்பது வருடம் கிடந்தவை. அதில் ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர், ஒரு காலத்தில் நடிகர் அலென் தெலோனிடம் இருந்தது, மேலே பழைய பத்திரிகைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தூசியைத் துடைக்காமலேயே மேடைக்குக் கொண்டுவந்தார்கள், 1 கோடியே 63 லட்சம் யூரோ. தூசுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை அக்கா. இதுவரை யாரும் கை வைத்துக் கெடுக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. எனக்கே அது இன்றைக்கு பாப்பா காந்தத்தோடு சுற்றின பிறகுதான் உறைத்தது. சிவப்பை விட்டுவிடுகிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் விட்டுவிடுகிறேன்.

அக்கா, மாலை 5:30
சரி. மஞ்சளுக்கு எவ்வளவு, எல்லாம் சேர்த்துச் சொல்.

நான், மாலை 5:41
மதிப்பு 17,000 முதல் 21,000. இதற்கு ரிசர்வ் உண்டு. சுத்தியல் விழுகிற விலைக்கு மேல் 15 சதவீதம் ஏலக் கம்பெனிக்கு, அந்தக் கமிஷனுக்கு 22 சதவீதம் இத்தாலி வரி. 19,000-க்கு முடிந்தால் கமிஷன் 2,850, வரி 627, ஆக 22,477. மூடின டிரக்கில் பிரென்னர் கணவாய் வழியாக மியூனிக் கொண்டுவர 1,200. இரண்டும் ஐரோப்பிய ஒன்றியம், அதனால் சுங்கம் இல்லை. இங்கே முப்பது வருடம் தாண்டின காருக்கு எச் என்று முடிகிற நம்பர் பிளேட் கிடைக்கும், வரி வருடத்துக்கு 191 யூரோ 73 சென்ட்தான். மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சம், அதில் தரை வெல்டிங், டயர், பிரேக். 19,000 என்று காகிதத்தில் எழுதி லேப்டாப் திரையில் ஒட்டிவிட்டேன்.

அப்பா, மாலை 5:43
ஒட்டினதைப் படம் எடுத்து இங்கே போடு.

சனி

நான், காலை 11:20
சிவப்பு வந்தது. ஒரே நிமிடத்தில் 24,000. இப்போது 29,500. போனில் ஒருவர், ஹாலில் ஒருவர், இரண்டு பேரும் விடவில்லை. 31,000, சுத்தியல் விழுந்தது. நான் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா, காலை 11:22
கமிஷன், வரியோடு 36,000-க்கு மேல். அடியில் இருப்பது தெரிந்து வாங்கியிருந்தால் சரி.

நான், மதியம் 1:05
மஞ்சள். 12,000-இல் ஆரம்பம். 15,000 நான். 16,000 யாரோ. 17,000 நான். 17,500 யாரோ. 18,000 நான்.

சித்தி, மதியம் 1:05
முருகா.

நான், மதியம் 1:07
வேறு யாரும் கேட்கவில்லை. ஒரு தரம், இரண்டு தரம் என்கிற மாதிரி அவர் சுற்றிப் பார்த்தார், சுத்தியலும் தட்டினார், ஆனால் திரையில் விற்கப்படவில்லை என்று வருகிறது. ரிசர்வைத் தொடவில்லை. என்னுடையதுதான் அதிக விலை, இருந்தும் கார் இல்லை.

அக்கா, மதியம் 1:09
டேய், இரு. அவசரப்படாதே. யாருக்கும் போகவில்லை அல்லவா?

நான், மாலை 4:48
ஏலக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. உரிமையாளர் 20,000 கேட்கிறார். திரையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன், 19,000 என்றேன். கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

அப்பா, மாலை 4:50
சரியாகச் சொன்னாய்.

நான், மாலை 5:35
ஒத்துக்கொண்டார். 19,000. கார் நம்முடையது.

பாப்பா, மாலை 5:36
அண்ணா!!! திங்கட்கிழமை நானே போய் ஃபைலை வாங்கிவைக்கிறேன், டிரக்கில் ஏற்றுகிறவர்களிடம் விட வேண்டாம்.

மாமா, மாலை 5:41
மாப்பிள்ளை, ஏற்றும்போது பேட்டரி வயரைக் கழற்றச் சொல். வந்ததும் கார்பரேட்டரில் கை வைக்காதே, முதலில் ஆயில், பிரேக் ஹோஸ். பாப்பா எடுத்த படத்தில் டயர் ஓரத்தில் 2309 என்று இருக்கிறது, 2009-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது, பார்க்க நன்றாக இருந்தாலும் அந்த டயரில் ஓட்டாதே. இரண்டாவது கியர் குளிரில் உறுமும், இந்த வண்டிகளுக்கு அது வழக்கம், சூடாகும்வரை மெதுவாகப் போடு.

அப்பா, மாலை 5:58
கியர் எங்கே இருக்கிறது தம்பி? பத்மினி மாதிரி ஸ்டியரிங்கிலா?

நான், மாலை 6:00
இல்லை அப்பா, தரையில். நீளமான குச்சி, கொஞ்சம் சாய்ந்தாற்போல் கைக்கு வரும். ஏப்ரலில் பனி போய்விடும், அப்போது வாருங்கள்.

அப்பா, மாலை 6:02
பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று அக்காவைப் பார்க்கச் சொல்கிறேன்.